பன்னிரண்டாவது மைக்ராஸ்கோப்

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என் பத்தி வரவில்லை. 'கப்பல் தாமதம்' என்று ஆசிரியர் ஒரு வரி போட்டுச் சமாளித்திருந்தார். பாவம் கப்பல்... அது சரியாகத்தான் வந்தது, சரியாகத்தான் போனது. தாமதம் என்னுடையது.

கோவில்பட்டி வாசகர் ஒருவர், 'உடம்புக்கு ஏதாவது?' என்று கார்டு போட்டிருக்கிறார். உடம்புக்கு ஒன்றுமில்லை. எங்கள் கல்லூரிக்கு இன்டர்னல் ஆடிட் வந்திருந்தது. இன்று காலைதான் முடிந்தது. பத்து நாள் கழித்து இன்றுதான் சாம்பாரில் உப்பு குறைவு என்பது எனக்குத் தெரிந்தது. 'பத்து நாளா அப்படித்தான் வைக்கிறேன்' என்றாள் என் மனைவி.

நான் போர்ட் பிளேரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக் கொடுக்கிறவன் என்பது வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் கல்லூரி சின்னது. கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லாண்டில் இருக்கிற ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பரீட்சைத் தாள் அங்கிருந்து வரும். ரிசல்ட் அங்கிருந்து வரும். லாபரட்டரிக்கு வேண்டிய சாமான்களும் அங்கிருந்துதான் வந்தன. அனுப்பியவர்கள் ஒருநாள் வந்து 'எல்லாம் இருக்கிறதா?' என்று கேட்பார்கள் இல்லையா? அதற்குப் பெயர்தான் இன்டர்னல் ஆடிட்.

சர்க்கார் ஆடிட் வேறு. அது வெளியாள் வந்து பார்ப்பது. இது வீட்டாள் வந்து பார்ப்பது. வெளியாள் வந்து கேட்பதற்கு முன்னால் நம் குறையை நாமே கண்டுபிடித்துச் சரி பண்ணிக்கொள்ளலாம் என்கிற நல்ல எண்ணம். ஆனால், வீட்டாளுக்கு எந்த அலமாரியில் என்ன இருக்கும் என்று தெரியுமே... அங்கேதான் சிக்கல்.

இரண்டு பேர் வருவதாகக் கடிதம். கப்பலிலிருந்து இறங்கியது ஒருவர். உதவியாளர், 'நாலு நாள் கடல் பயணம்' என்றதும் லீவு போட்டுவிட்டாராம். வந்தவர் பெயர் கோமதி. நாற்பத்தைந்து வயது இருக்கும். திருநெல்வேலிக்காரர். கையில் ஒரு சூட்கேஸ், ஒரு குடை, ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு பென்சில்.

பிரின்சிபால் அறையில் முதல் நாள் கூட்டம். தேங்காய்த் தண்ணீர், பிஸ்கட், சிரிப்பு.

"நான் எல்லாத்தையும் பாக்க மாட்டேன்" என்றார் கோமதி. "பார்த்து முடிக்கவும் முடியாது. ரிஜிஸ்டர்லேர்ந்து நானா சில பொருள் எடுப்பேன். அது அலமாரியில இருக்கான்னு பாப்பேன். அப்புறம் அலமாரியிலேர்ந்து சில பொருள் எடுப்பேன். அது ரிஜிஸ்டர்ல இருக்கான்னு பாப்பேன். ரெண்டு பக்கமும் சரியா இருந்தா, நான் அந்தமானைச் சுத்திப் பாத்துட்டுப் போயிருவேன்."

எவ்வளவு எளிது? நானும் சிரித்தேன். அதுதான் நான் கடைசியாகச் சிரித்தது.

மறுநாள் காலை, லாபுக்கு வந்தார். ரிஜிஸ்டரைப் புரட்டினார். பென்சிலால் ஒரு வரியின் ஓரத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைத்தார்.

"மைக்ராஸ்கோப், பன்னிரண்டு. காட்டுங்க சார்."

மாயாண்டி அலமாரியைத் திறந்தார். மாயாண்டி எங்கள் லாப் அட்டெண்டர். என்னை விடப் பத்து வயது மூத்தவர். சிவகங்கைப் பக்கத்திலிருந்து சின்ன வயதிலேயே அப்பாவோடு வந்து சாத்தம் மரமில்லில் கட்டை உருட்டியவர். பிறகு கல்லூரியில் சேர்ந்தார். வீடு, துறைமுகத்துக்கு அக்கரையில், பாம்பூஃப்ளாட்டில். தினமும் ஃபெர்ரியில் வந்து போவார். நாலு வருடமாக இந்த லாப் சாவி அவரிடம்தான்.

ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். பதினொன்று.

கோமதி திரும்ப எண்ணவில்லை. அவர் எண்ணாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இன்னொண்ணு ரிப்பேருக்குப் போயிருக்கா?"

"இல்லை மேடம்."

"யாருக்காவது இரவல்?"

"இல்லை."

"சரி, சாயங்காலம் ஒரு மெமோ தர்றேன். பதில் எழுதிக் குடுங்க."

அடுத்து அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். பாம்பு. அது ரிஜிஸ்டரில் இருந்தது. பாம்புக்கு நன்றி.

இப்போது நான் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்த ரிஜிஸ்டரில் 'பன்னிரண்டும் எண்ணிப் பார்த்துப் பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு வரி இருக்கிறது. கீழே கையெழுத்து — என்னுடையது. நான் எண்ணவே இல்லை.

ஒன்றரை வருடத்துக்கு முன்பு, எனக்கு முன் இருந்தவருக்கு மெயின்லாண்டுக்கு மாறுதல் வந்தது. அவருடைய அம்மாவுக்கு உடம்பு மோசம் என்று தந்தி. அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. கப்பல் நிற்கிற ஜெட்டியில், ஜீப்பின் பானெட் மேல் ரிஜிஸ்டரை விரித்து வைத்து, 'இங்கே, இங்கே, இங்கே' என்று காட்டினார். போட்டேன். அவரும் அப்படித்தான் யாரிடமோ வாங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கப்பல் ஊதியது. கை அசைத்தேன்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? 'பொறுங்கள் சார், எண்ணிவிட்டு வருகிறேன்' என்று சொல்லியிருப்பீர்களா?

மத்தியானம் மாயாண்டியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"மாயாண்டி, ஒண்ணு குறையுது."

"இல்ல சார். பதினொண்ணுதான்."

"ரிஜிஸ்டர்ல பன்னிரண்டு இருக்கு."

"அது எனக்கு மாலும் இல்ல சார். பெட்டி பிரிச்சு அடுக்கினப்புறம்தான் என்னைய இங்க போட்டாங்க. நான் வந்த நாள்லேர்ந்து பதினொண்ணு. தினம் எண்ணித்தான் தாலா போடுறேன்."

"அப்ப ஏன் முன்னாடியே சொல்லலை?"

"நீங்க கேக்கல சார்."

மாலும் என்றால் தெரியும், தாலா என்றால் பூட்டு. இங்கே எல்லாருடைய தமிழிலும் இந்தி இப்படித்தான் கலந்து கிடக்கும். அவர் சொன்னது முழுக்க உண்மை. இன்று தெரிகிறது. அன்று எனக்கு அது ஒரு தயாரித்த பதில் மாதிரிப் பட்டது. பயந்தவனுக்கு யாருடைய நேரான பேச்சும் சந்தேகமாகத்தான் படும்போல.

அதற்குள் விஷயம் ஆபீஸ் முழுக்கப் பரவிவிட்டது. ஹெட் கிளார்க் என் மேஜைக்கு வந்தார். குரலைத் தாழ்த்தி, "பாம்பூஃப்ளாட்ல மாயாண்டி வீட்டுக்குப் புதுசா தகரக் கூரை போட்டிருக்காராமே... கவனிச்சீங்களா?" என்றார். நான் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டுமோ என்று தோன்றியது.

பிரின்சிபால் இந்தியில் ஒரே கேள்விதான் கேட்டார். "சாவி யாரிடம் இருக்கிறது?"

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள். நான் இன்னும் ப்ரொபேஷனில் இருக்கிறேன், வேலை உறுதியாகவில்லை. மாயாண்டியோ இன்னும் டெம்பரரி. இந்த வருடம்தான் நிரந்தரம் ஆக்கச் சொல்லி எழுதியிருந்தோம். இரண்டு பேரில் ஒருவர் போயாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், அறையில் அந்த வாசனை அடித்தது.

சாயங்காலம் மெமோ வந்தது. ஆடிட் மெமோவைப் பார்த்திருக்கிறீர்களா? தாளை நடுவில் மடித்திருப்பார்கள். இடது பாதியில் கேள்வி. வலது பாதி காலி — அது நமக்கு. 'ஒரு மைக்ராஸ்கோப் குறைகிறது. காரணம் கூறவும்.' இவ்வளவுதான் கேள்வி.

காலிப் பாதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜீப் பானெட், தந்தி, கப்பல் ஊதியது எல்லாம் எழுதலாமா? எழுதினால் என் கையெழுத்து பொய் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி.

கடைசியில் ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதினேன். 'ஆய்வகத்தின் சாவி நான்கு ஆண்டுகளாக அட்டெண்டர் மாயாண்டியின் வசம் இருந்து வருகிறது.'

பொய்யா? இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அப்புறம் ஏன் கை வியர்த்தது?

கவரில் போடாமல், அப்படியே மடித்து மாயாண்டியிடம் கொடுத்தேன். கெஸ்ட் ஹவுஸில் கோமதியிடம் கொடுத்துவிட்டு ஃபெர்ரிக்குப் போகச் சொன்னேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால், சம்பளப் பட்டியலில் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அவர். தன் பெயரின் எழுத்துகள் தெரியும். அது என் மண்டைக்கு ஏறவில்லை.

வாசல் வரை போனவர் நின்றார்.

"சார், இதுல என் பேர் இருக்கு."

"ம்... சாவி உங்ககிட்ட இருக்குன்னு எழுதியிருக்கேன்."

அவர் தாளை இன்னொரு முறை பார்த்தார். "அது சச்சுதான் சார், நெசந்தான். சாபி எங்கிட்டதான் இருக்கு" என்றார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, குடையை விரித்து மழையில் இறங்கிப் போனார். அவரைப் பற்றி நான் எழுதியதை, நனையாமல் அவரே பத்திரமாகக் கொண்டு போனார்.

டெலானிபூர் மேட்டில் இருக்கிற எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அன்று நடந்து போனது எனக்கு நினைவே இல்லை. மனைவியிடம் சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

"அவர் எடுத்திருப்பார்னு நீங்க நினைக்கிறீங்களா?"

"இல்லை."

"அப்ப ஏன் எழுதினீங்க?"



மறுநாள் காலை கோமதி கூப்பிட்டு அனுப்பினார். லைப்ரரி மூலையில் அவருக்கு ஒரு மேஜை போட்டிருந்தோம். மேஜை நிறைய பழைய ஃபைல். மேலே என் மெமோ. போனவுடன், 'மேடம், அந்தப் பதிலைத் திருப்பிக் கொடுங்கள்' என்று கேட்கத்தான் நினைத்துப் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு நல்லா எழுதியிருக்கீங்க சார். பொருள் உள்ள வந்துச்சுன்னு யார் எழுதியிருக்கா?"

எனக்குப் புரியவில்லை.

"திருட்டுப் போகணும்னா முதல்ல பொருள் வந்து சேரணும்லா? பில்லுல பன்னிரண்டு இருக்கு. அதைப் பாத்து ரிஜிஸ்டர்ல பன்னிரண்டுன்னு ஏத்தியிருக்காங்க. தேதியைப் பாருங்க. ரிஜிஸ்டர்ல ஏத்தின அன்னைக்கு, சாமான் ஏத்துன கப்பல் இன்னும் கடல்லதான் இருந்திருக்கு."

அவர் பில்லைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். பென்சிலால் ஒரு இடத்தைத் தொட்டார்.

"இதையும் படிங்க. பன்னிரண்டும் ஒண்ணு போல இல்லை. பதினொண்ணு சாதாரணம். ஒண்ணு மட்டும் பெரிசு. ரெண்டு கண்ணையும் வச்சுப் பாக்குற மாதிரி. அதைத் தனிப் பெட்டியில அனுப்பியிருக்காங்க. ரிஜிஸ்டர்ல எல்லாத்தையும் மொத்தமா 'பன்னிரண்டு'ன்னு எழுதிட்டாங்க. நீங்க இந்த லாப்ல எப்பவாவது ரெட்டைக் கண் மைக்ராஸ்கோப் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. என் லாபில் அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அவர் அதோடு விடவில்லை. மாணவர்களுக்கு மைக்ராஸ்கோப் கொடுத்து வாங்கும் நோட்டை முதல் பக்கத்திலிருந்து பார்த்திருந்தார். நாலு வருடத்தில் ஒன்று முதல் பதினொன்று வரைதான் நம்பர். பன்னிரண்டு என்கிற நம்பரை எந்த மாணவனும் எந்த நாளும் வாங்கியதில்லை. மூன்றாம் வருட மாணவிகள் இரண்டு பேரை வழியில் நிறுத்திக் கேட்டும் இருந்தார். அவர்களும் பார்த்ததில்லை.

"அப்போ மாயாண்டி..." என்றேன்.

"அவர் என்னைக்கும் பதினொண்ணுதான்னு சொல்லியிருப்பாரே?"

"சொன்னார்."

"அதையில்லா நீங்க எழுதியிருக்கணும்."

நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். மூச்சு வந்தது. ஆனால், முழு மூச்சு இல்லை. 'வரவில்லை' என்று சொன்னால் போதாது, வராததற்கும் காகிதம் வேண்டும் என்றார். இல்லாததை நிரூபிப்பதுதான் ஆடிட்டில் கஷ்டமான வேலையாம்.

அன்று பகலே மாயாண்டியையும் கூட்டிக்கொண்டு, சரக்குக் கப்பல் வந்து நிற்கிற சாத்தம் போனோம். கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் இருந்த குமாஸ்தா, பழைய புத்தகங்களை வேண்டாவெறுப்பாக எடுத்துப் போட்டார். கோமதி குடையை மூலையில் சாய்த்துவிட்டு, நின்றுகொண்டே புரட்டினார். ஜன்னல் வழியாக மில்லின் ரம்பச் சத்தம். நானும் மாயாண்டியும் சுவர் ஓரமாக நின்றோம். அவர் கோபமாக இல்லை. சும்மா நின்றார். கோபமாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"கிடைச்சாச்சு" என்றார் கோமதி.

எங்கள் கல்லூரிப் பெயரில் நாலு பெட்டி. மூன்று இறங்கியிருக்கிறது. நாலாவதுக்கு நேரே, 'ஏற்றப்படவில்லை, அடுத்த கப்பல்' என்று குறிப்பு. அடுத்த கப்பலின் பக்கத்தைத் திருப்பினார். கல்லூரிப் பெயரில் எதுவும் இல்லை. ஆனால், கீழே ஒரு வரி: அடையாளம் அழிந்த பெட்டி ஒன்று, பாம்பூஃப்ளாட் வியாபாரி சுல்தானின் சரக்கோடு சேர்ந்து இறங்கியது.

"சுல்தான் பாய் கடையா?" என்றார் மாயாண்டி. "மேம்சாப், அது எங்க ஊர் ஜெட்டிகிட்டதான். நான் கூட்டிட்டுப் போறேன்."

ஃபெர்ரியில் மூன்று பேரும் ஏறினோம். சின்னக் கடல்தான், சீக்கிரம் கடந்துவிடலாம். எனக்கு அது மெட்ராஸுக்குப் போகிற தூரமாக இருந்தது. நாலு வருடம் ஆயிற்று. அந்தப் பெட்டி இருக்குமா? விற்றிருப்பாரா? கடலில் போட்டிருப்பார்களா? மழை பிடித்துக்கொண்டது. மாயாண்டி தன் குடையை என் தலைக்கு மேல் கொஞ்சம் நகர்த்தினார். அவருடைய வலது தோள் நனைந்தது. நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

சுல்தான் பாய் காயல்பட்டினத்துக்காரர். ஆணி, கீல், தாழ்ப்பாள், வாளி, சங்கிலி — வீடு கட்டுகிற எல்லாருக்கும் அவர் கடைதான். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க, வாங்க. மழையில நனைஞ்சு வந்திருக்கீங்களே. உக்காருங்கம்மா."

வாசலை ஒட்டி ஒரு மரப்பெட்டி. மேலே சாக்கு விரித்திருந்தது. கோமதி அதில் உட்கார்ந்தார். நனைந்த பையிலிருந்து காகிதத்தை எடுத்து, நிதானமாக, முறையாகக் கேட்டார்.

"நாலு வருஷம் முன்னாடி உங்க சரக்கோட ஒரு பெட்டி கூட வந்துச்சாமே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாமலா? எனக்கு ஆணிப் பெட்டி நாப்பது வரணும். நாப்பத்தொண்ணு வந்துது. பேரு, அட்ரஸ் எல்லாம் மழையில அழிஞ்சு போச்சு. 'கண்ணாடி, ஜாக்கிரதை'ன்னு மட்டும் மிச்சம். கப்பல் ஆபீஸ்ல சொன்னேன். எழுதியும் குடுத்தேன். உடமைக்காரர் வருவாருன்னாங்க. வரவே இல்ல."

கோமதியின் பென்சில் நின்றது. "அந்தப் பெட்டி இப்ப எங்க இருக்கு?"

சுல்தான் பாய் கொஞ்சம் சங்கடப்பட்டார். "நீங்க உக்காந்திருக்கிறதுதாம்மா அது."

கோமதி எழுந்தார். மிக மெதுவாக. அதற்கு வலித்துவிடக் கூடாது என்பது போல.

சாக்கை எடுத்தோம். பலகையில் கண்ணாடி டம்ளர் படம் ஒன்று மங்கலாகத் தெரிந்தது. ஆணி ஒன்றுகூட அசையவில்லை.

"நாலு வருஷமா பிரிச்சுப் பாக்கலையா பாய்?" என்று கேட்டேன்.

"அடுத்தவங்க பெட்டிய நான் எதுக்குப் பிரிக்கணும்?" என்றார் அவர். நிஜமாகவே அவருக்கு என் கேள்வி புரியவில்லை.

மாயாண்டி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சார், மழை நாள்ல ஃபெர்ரி வர்ற வரைக்கும் நான் இது மேலதான் உக்காந்திருப்பேன்" என்றார்.

முதலில் சிரித்தது கோமதிதான். அப்புறம் பாய். அப்புறம் மாயாண்டி. நான் சிரிக்க முயற்சி பண்ணினேன், வரவில்லை. ஆணி மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பாய் தேநீர் வரவழைத்தார். இந்தத் தீவுக்கு வந்து இத்தனை நாளில் அப்படி ஒரு டீ நான் குடித்ததில்லை.

பெட்டியை அங்கேயே பிரிக்கக் கோமதி விடவில்லை. பிரிக்காத நிலையில் இருந்தது என்று ஒரு தாளில் எழுதி, பாயிடம் கையெழுத்து வாங்கினார். ஃபெர்ரியில் ஏற்றி, ஜீப்பில் வைத்து, கல்லூரிக்குக் கொண்டு வந்து, பிரின்சிபால் முன்னால் திறந்தோம். வைக்கோல். எண்ணெய்க் காகிதம். உள்ளே ஒரு மரக்கூண்டு. அதற்குள்ளே கறுப்பாக, கம்பீரமாக, இரண்டு கண்ணோடு அது உட்கார்ந்திருந்தது. அடியில் பொறித்திருந்த நம்பரை நான் படித்தேன். பில்லிலிருந்த நம்பரைக் கோமதி படித்தார். ஒன்றேதான்.

ஹெட் கிளார்க் எனக்குக் கை கொடுத்தார். தகரக் கூரையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

எல்லாரும் போன பிறகு கோமதியிடம் கேட்டேன். "மேடம், என் பழைய பதிலை எடுத்துடலாமா? வேற எழுதித் தர்றேன்."

"ஆடிட் பேப்பரைக் கிழிக்க முடியாது சார். ஆனா கீழ இடம் இருக்கு. இன்னொண்ணு எழுதலாம்."

எழுதினேன். ஜீப், பானெட், தந்தி, எண்ணாமல் போட்ட கையெழுத்து — எல்லாம். 'பதினொன்றுதான் இருந்தன என்று அட்டெண்டர் மாயாண்டி முதல் நாளே என்னிடம் கூறினார். நான் அதைப் பதிவு செய்யத் தவறிவிட்டேன்' என்று முடித்தேன். இந்த முறை கை வியர்க்கவில்லை.

பிறகு லாபுக்குப் போனேன். மாயாண்டி பெட்டியின் வைக்கோலைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். எழுதியதைத் தமிழில் அவருக்குப் படித்துக் காட்டினேன். மன்னிப்பும் கேட்டேன். சரளமாக வரவில்லை. பாடம் நடத்துகிற வாய்க்கு இது பழக்கமில்லை.

"டீக் ஹை சார்" என்றார். வைக்கோலைச் சாக்கில் திணித்தார். "ஆனா அடுத்த தடவ மொதல்ல எங்கிட்ட கேளுங்க."

"கேட்டேனே மாயாண்டி."

"கேட்டீங்க. நான் சொன்னத எடுத்துக்கலையே."

சரிதான் என்றேன்.

கடைசி நாள் கூட்டம் இன்று காலை நடந்தது. ஆடிட்டில் இதுவும் ஒரு முறை. கண்டுபிடித்ததை ரிப்போர்ட்டில் போடுவதற்கு முன்னால், நம்மையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டி, 'உங்கள் பக்கம் ஏதாவது உண்டா?' என்று கேட்கிறார்கள். மைக்ராஸ்கோப் குறைவு என்ற ஆட்சேபணை நீக்கப்பட்டது. பில்லைப் பார்த்து ரிஜிஸ்டரில் ஏற்றியது தவறு; பொருளைப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். பொறுப்பு மாற்றுகிறவர்கள் கப்பல் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே எண்ணிக் கொடுக்க வேண்டும். எண்ணாமல் கையெழுத்துப் போட்டவருக்கு — என் பெயரைச் சொல்லாமல் பதவியை மட்டும் சொன்னார் — அறிவுரை வழங்கப்படுகிறது. அறிவுரைதான், தண்டனை இல்லை. பிரின்சிபால் தலையசைத்தார். நான் மூச்சு விட்டேன், இந்த முறை முழுதாக.

இன்னொன்றும் வாசித்தார் கோமதி. அட்டெண்டர் தினமும் எண்ணிப் பூட்டுகிற பழக்கம் பாராட்டத்தக்கது. அதற்கென ஒரு நோட்டு போட்டு அவரையே கையெழுத்திடச் சொல்ல வேண்டும் என்று. நிரந்தரம் ஆக்கும் கடிதத்தோடு அந்தப் பக்கத்தின் நகலையும் இணைக்கச் சொல்லி பிரின்சிபால் உத்தரவு போட்டார்.

மத்தியானக் கப்பலில் கோமதி கிளம்பிவிட்டார். அந்தமானைச் சுற்றிப் பார்க்க நேரமே இல்லை அவருக்கு. ஒரு சங்கு வாங்கிக் கொடுத்தேன். அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று மறுத்துவிட்டார்.

திரும்பி வந்து, லாபில் புது மைக்ராஸ்கோப்பை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தேன். வெளியே தகரப் பீப்பாயில் தேங்கியிருந்த மழைத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் வைத்து, பார்வையைச் சரிபண்ணினேன். பக்கத்தில் மாயாண்டி துணியோடு நின்றிருந்தார்.

"வந்து பாருங்க மாயாண்டி."

"நானா?"

"நீங்கதான் முதல்ல."

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்தார். கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவருக்கு. காட்டினேன். அப்புறம் வெகு நேரம் நிமிரவே இல்லை.

"சார்... இது ஓடுது."

"ஆமா."

"இன்னொண்ணு வருது. அதுக்கு முடி இருக்கு சார்."

"இதுக்கு முன்னாடி பார்த்ததில்லையா? நாலு வருஷமா இதோடதானே இருக்கீங்க?"

"துடைச்சிருக்கேன் சார். பாருன்னு யாரும் சொல்லல."

நாலு வருடம். பதினொரு மைக்ராஸ்கோப். தினமும் துடைத்து, எண்ணி, பூட்டி, மறுநாள் காலையில் திறந்து வைத்தவர். எத்தனை பையன்களுக்கு நான் இதே கண்ணாடியைக் காட்டியிருக்கிறேன்... பத்து நாள் இண்டு இடுக்கெல்லாம் பார்த்த கோமதியின் கண்ணிலும் படாமல் தப்பிய குறை இது ஒன்றுதான்.

"சார், சனிக்கிழமை எம் பொஞ்சாதியக் கூட்டிட்டு வரட்டுமா?" என்றார் குனிந்தபடியே. "எங்க வீட்டுப் பீப்பாத் தண்ணி சுத்தம்தான்னு தினம் எங்கூட சண்டை போடுறா."

வரச் சொல்லியிருக்கிறேன். சண்டையில் ஜெயிக்க ஒரு மனிதருக்கு இதை விட நல்ல சாட்சி வேறு எங்கே கிடைக்கும்?